பகையை விட்டுப் புல்லை மீட்ட மல்பாய் பண்ணையாளர்கள்

மேய்ச்சல் நிலத்தில் புல் குறைந்து முள் ஏறிவிட்டால் ஊரில் இரண்டு விதமான பேச்சு எழும். 'ஆடு மாடு பெருத்துவிட்டது, அதைத் தடுத்தால் நிலம் தானே சரியாகிவிடும்' என்பார்கள் சிலர். 'வனத்துறையும் சட்டமும் நம் கையைக் கட்டிப்போட்டதால்தான் நிலம் கெட்டது' என்பார்கள் மாடு வளர்ப்பவர்கள். அமெரிக்காவின் தென்மேற்கில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய வறண்ட பகுதியிலும் இதே சண்டைதான் பல பத்தாண்டுகள் நடந்தது. அங்கே ஒரு சிறு பகுதியில் மட்டும் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, 1994-ல் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பெயர் மல்பாய் பார்டர்லேண்ட்ஸ் குரூப்.

பணக்கார நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். அவர்கள் நிலத்தை விழுங்கிய முள்மரம், நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. அவர்களை ஒன்றுசேர்த்த பயமும் உங்களுக்குப் பழகியதுதான்: பக்கத்து நிலம் மனையாகிவிடுமோ என்ற பயம்.

நிலமும் மழையும்

அரிசோனா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையும் நியூ மெக்சிகோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையும் சேரும் இடம் இது. பரப்பு சுமார் 8 லட்சம் ஏக்கர். நடுவே பெலோன்சியோ மலைத்தொடர், இருபுறமும் அகன்ற புல்வெளிப் பள்ளத்தாக்குகள். பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 300 முதல் 350 மில்லிமீட்டர் மழைதான். ராமநாதபுரத்தில் பெய்வதில் பாதிகூட இல்லை. அதிலும் பாதிக்கு மேல் ஜூலை முதல் செப்டம்பருக்குள் இடியோடு கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த மழையை அவர்களும் 'மான்சூன்' என்றே சொல்கிறார்கள்.

மல்பாய் என்ற பெயர் 'கெட்ட நிலம்' என்ற பொருள் தரும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகள் அங்கே நிறைய. நிலத்தில் பாதிக்குச் சற்று மேல் பண்ணையாளர்களின் சொந்தப் பட்டா. மீதி அரசு நிலம், மேய்ச்சலுக்குக் குத்தகைக்கு விடப்படுகிறது. இரண்டும் கலந்து கிடப்பதால், குத்தகை போனால் சொந்த நிலத்தை மட்டும் வைத்துப் பண்ணை நடத்த முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

புல் போன கதை

1880-களில் ரயில் வந்தது. ரயிலோடு முதலீடும் மாடும் வந்தன. நிலம் தாங்கும் அளவைப் போல் பல மடங்கு மாடுகளை இறக்கினார்கள். 1891 முதல் 1893 வரை மழை பொய்த்தது. தெற்கு அரிசோனாவில் பாதிக்கும் மேற்பட்ட மாடுகள் பட்டினியில் செத்தன. சாவதற்கு முன்பு வேர் வரை புல்லைக் கரம்பிவிட்டிருந்தன.

அதோடு முடியவில்லை. அந்தப் புல்வெளிகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்னல் தாக்கித் தீ ஓடுவது இயல்பு. புல் மண்ணுக்கடியில் உயிர் வைத்திருப்பதால் மழை வந்ததும் துளிர்க்கும். சின்ன முட்செடிகள் கருகிவிடும். புல்லே இல்லாமல் போனதும் தீ ஓட வழியில்லை. பிறகு புல் கொஞ்சம் திரும்பியபோது, அரசு எந்தத் தீயையும் உடனே அணைக்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. தடுக்க ஆளில்லாமல் மெஸ்கீட் என்ற முள்மரம் பரவியது. அதன் காய் இனிப்பானது. மாடு விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து, எருவோடு சேர்ந்தே முளைக்கும். சீமைக் கருவேலம் நம் ஊரில் பரவிய அதே முறை. ஒரே வித்தியாசம், மெஸ்கீட் அந்த மண்ணுக்கே உரியது, நம்முடையது 19-ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது.

முள்மரங்களுக்கு இடையே தரை வெறுமையானது. மழைநீர் நிற்காமல் ஓடியது. ஆழமில்லாமல் அகன்று கிடந்த ஓடைகள் ஆள் உயரத்துக்கு மேல் அறுத்துக்கொண்டு பள்ளங்களாயின. நிலத்தடி ஈரமும் இறங்கியது.

அப்படியானால் மாட்டை வெளியேற்றினால் போதுமே? இதற்கு நல்ல பதில் பக்கத்திலேயே இருக்கிறது. அரிசோனாவில் போர்ட்டல் என்ற ஊருக்கு அருகே, ஜேம்ஸ் பிரவுன் என்ற சூழலியல் அறிஞர் 1977-ல் சுமார் 20 ஹெக்டேரை வேலி கட்டி மாடு நுழையாமல் செய்து ஆய்வு தொடங்கினார். மாடே இல்லாத அந்த நிலத்திலும், அடுத்த 20 ஆண்டுகளுக்குள் புதர்கள் ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகின. குளிர்கால மழை கூடியது அதற்கு ஒரு காரணம் என்று அவர் குழு கண்டது. ஆக, மாடு கெடுத்த நிலம்தான், ஆனால் மாட்டை விலக்கினால் மட்டும் திரும்பாத நிலம். இரு தரப்பிலும் பாதி உண்மைதான் இருந்தது.

உட்கார்ந்து பேச வைத்தது எது?

1991 ஜூலையில் பெலோன்சியோ மலைப்பக்கம் ஒரு தீ பிடித்தது. 'எரியட்டும், முள் குறையும், விட்டுவிடுங்கள்' என்றார்கள் பண்ணையாளர்கள். அரசுத் துறைகள் கேட்கவில்லை, செலவழித்து அணைத்தன. அந்தக் கோபத்தில் கூடிய பண்ணையாளர்கள் திட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், தங்களைக் குறை சொல்லிவந்த இயற்கை ஆர்வலர்களையும் அறிவியலாளர்களையும் வார்னர் கிளென் குடும்பத்தின் மல்பாய் பண்ணைக்கு அழைத்தார்கள். பேச்சு ஒருநாளில் முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் நீண்டது.

பேசப் பேச ஒன்று தெரிந்தது. நிலம் துண்டு போடப்பட்டு வீட்டுமனையாவதை இருவருமே விரும்பவில்லை. பண்ணை நொடித்தால் வாங்குபவர் மனை வியாபாரிதான். மனையானால் மாட்டுக்கும் இடமில்லை, காட்டு விலங்குக்கும் வழியில்லை, இடையிடையே வீடு இருந்தால் தீயையும் விட முடியாது. பண்ணை பிழைப்பது இயற்கை ஆர்வலருக்கும் லாபம் என்று புரிந்தபோதுதான் பேச்சு திசை மாறியது. இந்த நடுவழியை, அமைப்பை முன்னின்று நடத்திய பண்ணையாளர் பில் மெக்டொனால்ட் 'தீவிர நடுநிலை' என்ற பொருளில் அழைத்தார். அவருக்கு 1998-ல் மெக்ஆர்தர் விருது கிடைத்தது. மாடு வளர்ப்பவருக்கு அந்த விருது போவது அபூர்வம்.

புல் வங்கி

மல்பாய் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மற்றதை மறந்தாலும் இதை நினைவில் வைக்கலாம்.

பக்கத்தில் கிரே பண்ணை என்று 3 லட்சத்து 20 ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பெரும் நிலம் இருந்தது. அதை 1990-ல் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கியது. 'போச்சு, இதுவும் அரசுக்குப் போய் மேய்ச்சல் நின்றுவிடும்' என்று சுற்றியிருந்தவர்கள் பயந்தார்கள். ஆனால் அந்த அமைப்பு, நிலத்தைப் பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஹாட்லி என்ற உள்ளூர்ப் பண்ணைக் குடும்பம் ஏற்படுத்திய அனிமாஸ் அறக்கட்டளைக்கு விற்றது. மேய்ச்சல் தொடர்ந்தது.

பிறகு வறட்சி வந்தது. தன் நிலத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எந்த மாட்டுக்காரருக்கும் தெரியும். ஆனால் நிலம் ஓய்வெடுக்கும்போது மாடு எங்கே போகும்? விற்றால், நிலத்துக்குப் பழகிய மந்தையை மறுபடி உருவாக்கப் பல ஆண்டுகள். தீவனம் வாங்கினால் கடன். எல்லா ஊரிலும் ஓய்வுத் திட்டம் உடைவது இந்த இடத்தில்தான். 'மேய்க்காதே' என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள், மாற்று மேய்ச்சல் தர ஒருவரும் வரமாட்டார்கள்.

மல்பாய் அந்த மாற்று மேய்ச்சலைக் கொடுத்தது. பண்ணையாளர் தன் மந்தையைக் கிரே பண்ணைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். சில ஆண்டுகள் அங்கே மேய்க்கலாம், அதுவரை சொந்த நிலம் சும்மா கிடக்கும். இதற்குக் காசு கேட்கவில்லை. பதிலாக, தன் பட்டா நிலத்தை ஒருபோதும் மனையாகப் பிரிக்க மாட்டேன் என்று பத்திரம் பதிந்து தர வேண்டும்.

கணக்கு எப்படி என்று ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மனை போட உரிமையுள்ள நிலத்தின் சந்தை விலை 100 ரூபாய் என்று வையுங்கள். மேய்ச்சலுக்கு மட்டுமே என்று எழுதிக் கொடுத்துவிட்டால் 60 ரூபாய்தான் போகும். அந்த 40 ரூபாய் வித்தியாசம்தான் அவர் விட்டுக்கொடுக்கும் உரிமையின் மதிப்பு. அதே 40 ரூபாய்க்கு ஈடான புல்லைக் கிரே பண்ணையில் அவர் மாடு மேயும். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும், பிள்ளைக்குப் போகும், விற்கவும் செய்யலாம். வாங்குகிறவரையும் அந்த நிபந்தனை கட்டும்.

பண்ணையாளர்கள் இன்னொரு பாதுகாப்பும் கேட்டு வாங்கினார்கள். அரசு நிலத்தின் மேய்ச்சல் குத்தகையைத் தங்கள் தவறில்லாமல் யாராவது பறித்தால், இந்த ஒப்பந்தமும் செல்லாது. முன்பு சொன்னேனே, குத்தகை போனால் பண்ணை நடக்காது என்று, அதற்குத்தான் இந்த வரி. குத்தகையை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட நினைக்கும் ஆர்வலரும் இதனால் ஒரு நிமிடம் யோசிப்பார்: வழக்கில் ஜெயித்தால் பக்கத்தில் மனை முளைக்கலாம். இரு கையையும் ஒரே கயிற்றில் கட்டிய ஒப்பந்தம் இது. அமைப்பின் முயற்சியில் இதுவரை 75,000 ஏக்கருக்கு மேல் இப்படிப் பிரிக்க முடியாத நிலமாகப் பதிவாகியிருக்கிறது.

தீயைத் திரும்பக் கொண்டுவந்தது

மாடு வேறிடம் போனதால் புல் உயர்ந்தது. புல் உயர்ந்தால்தான் தீ ஓடும். எரிந்த பிறகும் புல் வேர்பிடிக்கும் வரை மாடு வரக் கூடாது. புல் வங்கி இல்லாமல் தீயைப் பற்றிப் பேசியே இருக்க முடியாது.

திட்டமிட்டு, அரசுத் துறைகளோடு சேர்ந்து 1995-ல் முதல் தீயை வைத்தார்கள். 1997-ல் அடுத்தது. 2003-ல் பேக்கர் பள்ளத்தாக்குப் பகுதியில் சுமார் 46,000 ஏக்கர் எரிந்தது. இவற்றுக்கு இடையே கடந்த ஆண்டுகளெல்லாம் கோப்புகளில் போனவை. மலையில் அரிய வகைக் கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்று உண்டு, சட்டப்படி காக்கப்படுவது. தீ அதைக் கொன்றுவிடுமோ என்ற கேள்வி வந்தது. கற்றாழை போன்ற அகேவ் செடிகள் எரிந்தால், அதன் பூவில் தேன் குடிக்கும் வௌவால் என்ன செய்யும் என்பது அடுத்த கேள்வி. பண்ணையாளர்கள் சலித்துக்கொண்டாலும் அறிவியலாளர்களை அழைத்து ஆய்வு செய்ய வைத்தார்கள். பாம்புகளின் உடலில் சிறு ரேடியோ கருவி பொருத்தி, தீக்குப் பிறகு தேடினார்கள். பெரும்பாலானவை பாறை இடுக்குகளில் புகுந்து தப்பியிருந்தன.

தீயால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. வளர்ந்த மெஸ்கீட் மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். சீமைக் கருவேலத்தை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தீ அடக்குவது நாற்றுகளையும் இளஞ்செடிகளையும்தான். முள் அடர்ந்து மண் அரித்துப்போன இடங்கள் சுலபமாகப் புல்வெளியாகத் திரும்புவதில்லை. கிரே பண்ணையின் மக்கினி ஃபிளாட்ஸ் என்ற இடத்தில் 1990-களின் கடைசியில் தொடங்கிய பெரிய கள ஆய்வில், மேய்ச்சலையும் தீயையும் விட அந்தந்த ஆண்டு மழையின் தாக்கமே பெரிதாகத் தெரிந்தது. நாம் செய்யும் வேலை, மழை வரும்போது நிலம் அதைப் பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்க உதவும், அவ்வளவே.

மழையைப் பிடிக்க இன்னொரு வழியும் அந்த வட்டாரத்தில் உண்டு. அருகிலுள்ள சிரிக்காவா மலையில், 1980-களிலிருந்து ஒரு பண்ணைக் குடும்பம் சின்னச் சின்ன ஓடைகளின் குறுக்கே முழங்கால் உயரக் கல் தடுப்புகளைச் சிமெண்ட் இல்லாமல் அடுக்கத் தொடங்கியது, ஆயிரக்கணக்கில். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தினர் தடுப்புள்ள ஓடையையும் தடுப்பில்லாத பக்கத்து ஓடையையும் ஒப்பிட்டு அளந்தார்கள். தடுப்புள்ள ஓடையில் வெள்ளத்தின் வேகம் தணிந்திருந்தது. கீழே போகும் மொத்த நீரும் குறையவில்லை, கூடவே செய்திருந்தது. மேலே தடுத்தால் கீழே உள்ளவனுக்குத் தண்ணீர் வராது என்று சண்டை வரும் ஊர்களில் இதை எடுத்துச் சொல்லலாம். ஆனால் ஒன்று: இது நீர் கசிந்து போகும் கல் அடுக்கு. ஓடையை அடைத்துக் கட்டும் சுவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஜாகுவாரும் தவளையும்

1996 மார்ச் 7 அன்று, வார்னர் கிளென் மலையில் வேட்டை நாய்களோடு பூமா ஒன்றைத் தேடிப் போனார். நாய்கள் பாறையில் வளைத்து நின்றது பூமாவை அல்ல, ஒரு ஜாகுவாரை. அமெரிக்காவில் அது அழிந்துவிட்டதாகவே பலரும் நினைத்திருந்தார்கள். மாடு வளர்ப்பவர் அதைப் பார்த்தால் துப்பாக்கியைத்தான் தொடுவார் என்பது பொதுவான எண்ணம். அவர் கேமராவைத் தொட்டார். காட்டில் உயிரோடு உலவும் ஜாகுவாரை அந்த நாட்டில் எடுத்த முதல் படங்கள் அவை. வெளியே சொன்னால் 'இது ஜாகுவார் காடு, மாட்டை வெளியேற்று' என்று வருவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பேசி முடிவெடுத்துச் சொன்னார்கள். கூடவே, ஜாகுவார் மாட்டை அடித்தால் ஈடு கொடுக்க ஒரு நிதியையும் அமைப்பு ஏற்படுத்தியது.

சிரிக்காவா சிறுத்தைத் தவளை என்று ஓர் அரிய தவளை. இயற்கைச் சுனைகள் வற்றியதால், மாட்டுக்காக வெட்டிய குட்டைகளில்தான் மிஞ்சியிருந்தது. 1994 வறட்சியில் அந்தக் குட்டைகளும் வற்றத் தொடங்கின. ஒரு பண்ணைக் குடும்பம் வாரத்துக்குச் சுமார் 3,800 லிட்டர் தண்ணீரை லாரியில் ஏற்றிவந்து தவளைக்காக ஊற்றியது, மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில். டக்ளஸ் நகரப் பள்ளி மாணவர்கள் தலைப்பிரட்டை வளர்த்துக் கொடுத்தார்கள். பிறகு, அரிய உயிரினம் தன் குட்டையில் இருப்பதால் பண்ணையாளர் வழக்கமான வேலைக்குத் தண்டிக்கப்பட மாட்டார் என்று அரசோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்த எழுத்து இல்லாவிட்டால், தவளையைப் பார்த்த அன்றே குட்டையை மூடிவிடத்தான் எவருக்கும் தோன்றும்.

நம் ஊரில் இதில் எதைச் செய்யலாம்?

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். தீ வைக்காதீர்கள். வனப்பகுதியில் தீ வைப்பது நம் ஊரில் குற்றம். அவர்கள் வைத்த தீ அரசு அனுமதியோடும் பயிற்சி பெற்ற ஆட்களோடும், தீக்குப் பழகிய புல்வெளியில் வைத்தது.

சீமைக் கருவேலக் காய் உதிரும் காலத்தில் அதைத் தின்ற ஆட்டையும் மாட்டையும் உடனே சுத்தமான நிலத்துக்கு ஓட்டாதீர்கள், அங்கே கிடையும் போடாதீர்கள். ஒரு வாரம் பட்டியிலேயே வைத்துத் தீவனம் கொடுத்தால் வயிற்றில் உள்ள விதை பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும். அந்த எருவை நன்றாக மட்க வைத்துப் பயன்படுத்துங்கள். மரத்தை வேரோடு எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் விதை மறுபடி முளைக்கும். எடுத்த கையோடு கொழுக்கட்டைப் புல் விதைத்து, அடுத்த சில ஆண்டுகளுக்கு மழைக்குப் பின் முளைக்கும் நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும்.

புல் வங்கி நடத்த 3 லட்சம் ஏக்கர் தேவையில்லை. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில் கிளுவை வேலி போட்டுப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பது பழைய வழக்கம். மேய்ச்சலைக் குத்தகைக்கு விடுவதும் உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து, ஒவ்வொரு மழைக்கும் ஒருவர் நிலத்துக்கு ஓய்வு, அவர் கால்நடைக்கு மற்றவர் நிலத்தில் இடம் என்று முறை வைத்துக்கொள்ளலாம். யார் எத்தனை உருப்படி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, முறை தவறினால் என்ன ஈடு என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு ஒரு வறட்சிகூடத் தாங்காது. மேய்க்கால் புறம்போக்கு என்றால் ஊராட்சியிலும் வருவாய்த் துறையிலும் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஓடைப் புறம்போக்கில் கல் அடுக்குவதற்கும் அதேதான்.

ஓய்வு கொடுக்கும் நிலத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே கால்நடையை வெளியேற்றிவிடுங்கள். புல் கதிர் விட்டு, விதை முற்றி, உதிர்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.